பலகையில் 'ஹலால்' என்று எழுதியிருந்தால் போதுமா?



பெருநாள் கழிந்ததும் நம் பகுதியில் கல்யாணப் பேச்சுகள் தொடங்கிவிடும். சுசீந்திரத்திலிருந்து இடலாக்குடி, கோட்டாறு வழியாக நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நகைக்கடை விளம்பரப் பலகைகள் என்று எண்ணிப் பாருங்கள். பலகையாவது சாலையோடு நின்றுவிடும். கைபேசியில் வருவது வீட்டுக்குள் வந்து, நம் பெண்மக்களின் கையில் நேராக உட்கார்ந்துகொள்கிறது. 'சேதாரம் பாதி', 'ரமலான் சிறப்புச் சலுகை', 'இன்று மட்டும்' என்று ஒரு பக்கம். 'வட்டி இல்லாத ஹலால் முதலீடு, மாதந்தோறும் இலாபம்' என்று இன்னொரு பக்கம்.

நமது அறக்கட்டளைக்குக் கல்யாண உதவி, படிப்பு உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் பேசும்போது ஒன்று தெரிகிறது. வருமானம் குறைந்ததால் மட்டும் இவர்கள் நம் வாசலுக்கு வரவில்லை. வளைகுடாவில் பிள்ளை வேலை பார்த்து அனுப்பிய பணத்தை, நம்பி ஓர் இடத்தில் கொடுத்து இழந்தவர்களும் இவர்களில் உண்டு. "ஏன் ஒரு தாள் கூட எழுதி வாங்கவில்லை?" என்று கேட்டால் பதில் ஒன்றுபோலவே வருகிறது: "நம்ம ஆளுதானே என்று கேட்கவில்லை." இந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. வியாபாரம் நம் மனதை எப்படிப் படிக்கிறது, மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்கிறது, நாட்டின் சட்டம் நமக்கு என்ன உரிமை தருகிறது என்பதை முடிந்தவரை எளிதாகச் சொல்ல முயல்கிறோம்.

விளம்பரம் எதை விற்கிறது?

ஒரு பொருள் நல்லது, விலை நியாயமானது என்று சொல்வது வியாபாரிக்கு உள்ள உரிமை. அதில் குற்றம் இல்லை. ஆனால் இன்றைய விளம்பரம் பொருளைப்பற்றிப் பேசுவது குறைவு. வாங்குகிற மனதைப்பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அது தொடும் இடங்கள் நான்கு.

ஒன்று, தவறிப்போகுமோ என்ற பயம். 'இன்று மட்டும்', 'இன்னும் மூன்று பேருக்குத்தான்' என்பதெல்லாம் நம்மை யோசிக்க விடாமல் செய்வதற்கு. இரண்டு, ஊரே வாங்குகிறது என்ற எண்ணம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் இத்தனை பவுன் போட்டார்களே என்ற ஒப்பீடு இதில் சேரும். மூன்று, தெரிந்த முகம். நடிகர், நடிகை, கிரிக்கெட் வீரர், சில இடங்களில் மார்க்க அறிஞர். நான்கு, நம் அடையாளம். பண்டிகை, மொழி, மதம், ஊர் இவற்றின் பெயரைச் சொல்லி, 'இது உங்களுக்காகவே' என்று அழைப்பது.

பண்பாட்டை வியாபாரம் எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு அட்சய திருதியை ஓர் எடுத்துக்காட்டு. அந்த நாள் பழமையானது. ஆனால் அன்று விடியற்காலையிலேயே நகைக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் வழக்கம் பழமையானது அல்ல. நம் வயதில் உள்ளவர்களுக்குச் சிறுபிராயத்தில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்த நினைவே இருக்காது. விளம்பரம் வளர வளர அந்தக் கூட்டமும் வளர்ந்தது. பிற சமயச் சகோதரர்களின் நம்பிக்கையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் பக்கமும் அதே வேலைதான் நடக்கிறது. ரமலான் என்பது குறைத்து உண்டு, நிறைத்துக் கொடுக்கும் மாதம். கடைகளின் கணக்கில் அது அதிகம் விற்கும் மாதம். பிறை படமும் மினாரா படமும் போட்டுவிட்டால் நம் கால் அந்தக் கடைப்பக்கம் தானாகத் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெங்களூரில் நடந்தது

அடையாளத்தை நம்பிப் பணம் கொடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்கு மிக அருகில் நடந்த பாடம், பெங்களூரின் ஐ.எம்.ஏ. விவகாரம்.

ஐ மானிட்டரி அட்வைசரி என்ற அந்த நிறுவனம் 2006-இல் தொடங்கப்பட்டது. வட்டி வேண்டாம் என்று வங்கியில் பணம் போடத் தயங்கும் முஸ்லிம் குடும்பங்களிடம், இது ஹலாலான முதலீடு, வட்டி அல்ல, இலாபத்தில் பங்கு என்று சொன்னார்கள். பணம் கொடுத்தவர்களை வைப்பாளர் என்று எழுதாமல், கூட்டாளி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். நகைக்கடை திறந்தார்கள். சிவாஜிநகரில் ஒரு அரசுப் பள்ளியை எடுத்துச் சீர்செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கு நல்லது நடந்தது உண்மை. அந்த நல்ல பெயரே விளம்பரமாகவும் ஆனது. மாதந்தோறும் பணம் வந்தது. வந்தவர் தம் மைத்துனரிடம் சொன்னார், அவர் தம் சம்பந்தியிடம் சொன்னார். பத்திரிகை விளம்பரத்தைவிட அதுதான் வேகமாகப் பரவியது.

பிறகு மாதப் பணம் குறைந்தது, தாமதமானது, நின்றது. 2019 ஜூன் 5 அன்று நோன்புப் பெருநாள். பெருநாள் விடுமுறைக்குப் பிறகு அலுவலகம் திறக்கவில்லை. நிறுவனர் முகமது மன்சூர் கான் ஜூன் 8 அன்று துபாய் போய்விட்டார். அவர் பேசிய ஒலிப்பதிவு கைபேசிகளில் பரவியதும் மக்கள் சிவாஜிநகர் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். புகார் கொடுத்தவர்கள் 40,000 பேருக்கும் மேல். திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் என்பது புலனாய்வுத் துறையின் கணக்கு. ஜூலை 19 அன்று டெல்லி விமான நிலையத்தில் அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் சி.பி.ஐ. கைக்குப் போனது. மக்களிடம் இந்த முதலீட்டைப் பரிந்துரைத்ததாகப் பள்ளிவாசல் இமாம் ஒருவரும் கைதானார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் மகளின் கல்யாணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்றவர்களின் நிலைக்குச் சாட்சி தேவையில்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த நோய் என்று யாரும் எண்ணவேண்டாம். சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம், ஒரு லட்சம் கொடுத்தால் மாதம் முப்பதாயிரம் வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022-இல் வழக்குப் பதிவானது. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் திடீரென மூடப்பட்டு, நகைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் காவல்துறையிடம் ஓடினார்கள். விளம்பரத்தில் வந்த நடிகருக்கே அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. அங்கே ஆசையும் தெரிந்த முகமும் வேலை செய்தன. பெங்களூரில் அவற்றோடு மார்க்கமும் சேர்க்கப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்பது அவநம்பிக்கை அல்ல

"ஒரு முஸ்லிமிடம் போய்க் கணக்குக் கேட்பதா? தவறான எண்ணம் கொள்வது பாவமாயிற்றே" என்று சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் மார்க்கத்திலிருந்து வந்தது அல்ல.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப்பற்றியதோ நோன்பைப்பற்றியதோ அல்ல. அது சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவேண்டும், சாட்சி வைக்கவேண்டும், தொகை சிறிதென்று சலித்துவிடக் கூடாது என்பதே அதன் பொருள். இது ஈமான் கொண்டவர்களை அழைத்துச் சொல்லப்பட்டது. ஸஹாபாக்களுக்கே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கும்போது, நாம் எழுதக் கேட்பது எப்படி மரியாதைக் குறைவாகும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைப் பார்த்து, மேலே காய்ந்திருந்ததை நம்பிப் போய்விடவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். ஈரம் தெரிந்தது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கவேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரியும் நம்ம ஆள்தான். அதற்காகக் கைவிட்டுப் பார்க்காமல் இருந்துவிடவில்லை.

ஷரீஅத்தின் வியாபாரச் சட்டங்களை மதரஸாவில் ஓதும்போது பழங்காலத்துச் செய்தி போலத் தோன்றும். இன்றைய சந்தையோடு வைத்துப் பார்த்தால் அப்படி அல்ல. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர், அது தடுக்கப்பட்டது. இன்று இணையக் கடையில் காசு கொடுத்து எழுதவைக்கும் போலிப் பாராட்டு அதன் உடன்பிறப்பு. பால் கறக்காமல் மடியைக் கனக்கவிட்டு ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதும் தடுக்கப்பட்டது. அப்படி வாங்கியவருக்கு மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்கக் கூடாது. என்ன, எவ்வளவு, எப்போது என்று தெளிவில்லாத வியாபாரம் 'கரர்' என்று விலக்கப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரியவேண்டும்.

முதலீட்டைப் பற்றிய விதியும் அப்படித்தான். 'முதாரபா' என்றால் ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு. இலாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பங்கு. நட்டம் வந்தால் பணம் போட்டவரின் முதலில் கழியும். ஆகவே 'மாதம் இவ்வளவு உறுதி, முதலுக்கு நாங்கள் பொறுப்பு' என்று சொல்லும் திட்டத்துக்கு முதாரபா என்று பெயர் வைத்தாலும் அது முதாரபா அல்ல. உறுதியான தொகையையும் சொல்லி, ஹலால் என்றும் சொன்னால், அந்த இரண்டில் ஒன்று பொய். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதித் திட்டங்கள் நம் வாசலில் நிற்காது. பங்குச்சந்தையில் ஷரீஅத் விதிகளைப் பின்பற்றும் பரஸ்பர நிதிகள் செபியின் பதிவோடு நாட்டில் இருக்கின்றன. அவை எதுவும் இவ்வளவு தருவோம் என்று உறுதி சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

நகைக்கடையில் கேட்கவேண்டியவை

நம் குடும்பங்களின் பெரும்பணம் போகும் இடம் நகைக்கடை. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் சேதாரம். கையால் நகை செய்த காலத்தில் அறுக்கும்போதும் அராவும்போதும் வீணாகும் தங்கத்துக்கு வைத்த பெயர் அது. இன்று பெரும்பாலும் கடையின் செலவும் இலாபமும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கின்றன. ஆகவே அதைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் 'சேதாரம் குறைவு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கணக்கு எளிதாக இருக்க, ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன் என்பது 40 கிராம், அதாவது 4,00,000 ரூபாய். முதல் கடையில் சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை என்றால் 48,000 ரூபாய் கூடும். இரண்டாம் கடையில் சேதாரம் 8 சதவீதம்தான், ஆனால் கிராமுக்கு 500 ரூபாய் செய்கூலி. 32,000-உடன் 20,000 சேர்ந்து 52,000 ஆகிறது. 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் முதல் கடையில் 4,61,440. இரண்டாம் கடையில் 4,65,560. பலகையில் குறைவாக எழுதிய கடையில்தான் 4,120 ரூபாய் அதிகம். ஆகவே சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல், எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கல் வைத்த நகையானால் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, ஹால்மார்க். நகையில் மூன்று குறிகள் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். முத்திரை, தரம் (22 காரட்டுக்கு 916), ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் தரம், சோதித்த மையம், கடையின் பதிவு எல்லாம் தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கடையில் வைத்தே பாருங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அல்ல.

மூன்றாவது, நகைச் சீட்டு. ஏன் பெரும்பாலும் பதினொரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது என்று நிறுவனங்களுக்கான 2014-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதற்குள் முடிக்கத்தான் பதினொரு மாதம். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடை மூடினால் நாம் கடன்காரர்களின் வரிசையில் ஒருவர். பல ஆண்டு, இரட்டிப்பு, மாத வருமானம் என்று பேசும் நகைத் திட்டம் எதுவானாலும் விலகி நில்லுங்கள்.

இதில் மார்க்கக் கேள்வியும் இருக்கிறது. தங்கமும் பணமும் கைக்குக் கை மாறவேண்டும், தங்கத்துக்குத் தங்கம் சமமாக இருக்கவேண்டும் என்பது ஹதீஸ் வழி வந்த சட்டம். பழைய நகையைக் கொடுத்துப் புதியதைக் கூடுதல் பணத்தோடு மாற்றுவதைவிட, பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குவதே பேணுதல். சீட்டைப் பற்றி உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் விதிகள் அச்சிட்ட தாளைக் காட்டிக் கேளுங்கள். வாயால் சொல்லிக் கேட்டால் அவரும் வாயால்தான் பதில் சொல்ல முடியும்.

சட்டம் என்ன தருகிறது?

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நடத்துவதையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் உண்டு. ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் பார்க்கலாம். அங்கேயே புகாரும் கொடுக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையிடம் போகத் தாமதிக்கவேண்டாம். சொத்துகள் கைமாறும் முன் முடக்கினால்தான் எதுவும் மீளும்.

பொருள் குறை, தவறான விளம்பரம் போன்றவற்றுக்கு 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு, விற்பவருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இதற்கெல்லாம் தேவை ஒன்றுதான்: ரசீது. வரி மிச்சம் என்று ரசீது இல்லாமல் வாங்கினால், நாம் மிச்சம் பிடித்தது வரியை, இழந்தது உரிமையை.

முடிவாக ஒரு வேண்டுகோள்

விற்பவரை மட்டும் குறைசொல்லி முடிக்க முடியாது. கைக்கூலியும், இத்தனை பவுன் என்ற எதிர்பார்ப்பும் நம் வீடுகளில் இருக்கும்வரை, விரைவாகப் பணம் பெருக்கித் தருகிறோம் என்பவருக்கு நம் வாசல் திறந்தேதான் இருக்கும். மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில், பெண்ணைப் பெற்றவர் நகைக்காக எங்கெங்கோ பணம் போட்டு அலைவது நமக்கு அழகல்ல. மாப்பிள்ளை வீட்டார் இதை யோசிக்கவேண்டும். விளம்பரம் அந்த எதிர்பார்ப்பின்மேல்தான் கட்டப்படுகிறது.

நமது அறக்கட்டளையில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். முதலீடு, நகைத் திட்டம், சீட்டு எதுவானாலும், பணம் கொடுக்கும் முன் அதன் தாளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் உடனிருந்து படித்து, பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். பெண்களும் வரலாம், பல வீடுகளில் பணம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. எந்தத் திட்டத்தையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நமது அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அவரிடமும் தாளைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஏமாற்றுவதிலிருந்தும் ஏமாறுவதிலிருந்தும் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.